திறந்த கண்ணுக்கு மை

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு என்றால் மணமகள் அறையில் மூன்றரைக்கே விளக்கு எரியும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், அப்படி ஓர் அதிகாலையில் ஒரு பெண் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "அக்கா, எனக்கு இதே மாதிரி கண் வேணும்." படத்தில் இருந்தவள் ஐரோப்பிய மாடல். இமை மடிப்பில் பழுப்பு நிழல், இமைமேல் வெள்ளி மினுக்கு, ஓரத்தில் மேலே ஏறும் வால். படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளைக் கண்ணை மூடச் சொல்லி, முக்கால் மணி நேரம் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அப்படியே படத்தை உரித்து வைத்த மாதிரி வந்தது. சுற்றி நின்ற சித்தியும் அத்தையும் வாய்விட்டுப் பாராட்டினார்கள்.

"கண்ணைத் திறம்மா" என்றேன். திறந்தாள். வெள்ளியும் இல்லை, பழுப்பும் இல்லை. புருவத்துக்குக் கீழே உள்ள தோல் சற்று இறங்கி இமையை மூடுகிற கண் அவளுக்கு. போட்டதெல்லாம் அந்த மடிப்புக்குள் போய்விட்டது. ஐலைனரின் வால் நடுவில் ஒடிந்த ஈர்க்குச்சி போல நின்றது. வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்தாயிற்று. அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லக்கா, மையை மட்டும் நல்லா வச்சு விடுங்க" என்றாள். அந்தக் குரலை இன்னும் நான் மறக்கவில்லை.

கையும் சரியாகத்தான் வேலை செய்தது, பொருளும் நல்ல பொருள்தான். முறை வேறொரு கண்ணுக்கு உரியது. நாம் பார்த்துப் பழகும் பாடங்களில் பெரும்பாலானவை ஆழமான இமை மடிப்பும் வெளுத்த தோலும் குளிர்ந்த ஊரும் உள்ளவர்களுக்காக வந்தவை. நம் கண் வேறு, நிறம் வேறு, வெயில் வேறு. அன்றைக்குப் பிறகு நான் யாருக்குமே கண்ணை மூடிய நிலையில் கோடு போட்டு முடித்ததில்லை. மூடிய நிலையில் பூசலாம். எங்கே பூச வேண்டும் என்பதைத் திறந்த கண்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கண்ணாடி

ஜன்னல் ஓரமாக, வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி உட்காருங்கள். கண்ணாடி கண்ணுக்கு நேர் உயரத்தில் இருக்கட்டும். கைக்கண்ணாடியைக் கீழே பிடித்து, முகவாயைத் தூக்கிக்கொண்டு பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்போது இமை முழுவதும் தெரியும். எதிரில் நின்று உங்களோடு பேசுகிறவருக்கு அந்த இமை தெரியாது. புருவத்தை உயர்த்தாமல், சாதாரணமாக நேரே பாருங்கள். மேலிமை எவ்வளவு தெரிகிறது?

மடிப்பும் அதன் கீழே இமையும் தெளிவாகத் தெரிந்தால் உங்களுக்கு வேலை சுலபம். மடிப்பு இருந்தும் மேல்தோல் இறங்கி அதை மூடியிருந்தால் அது மூடிய இமை. நம் பெண்களில் பலருக்கு இது பிறவியிலேயே இருக்கும், நாற்பதைத் தாண்டும்போது இன்னும் பலருக்கு வரும். மடிப்பே இல்லாமல், புருவத்திலிருந்து இமைமுடி வரை ஒரே பரப்பாக இறங்கினால் அது ஒற்றை இமை. சீனா, கொரியா, ஜப்பான் பெண்களில் ஏராளமானோருக்கும் நம் வடகிழக்கு மாநிலப் பெண்கள் பலருக்கும் இப்படித்தான்.

இன்னொன்றையும் பாருங்கள்: இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருக்காது. ஒரு பக்க மடிப்பு சற்று மேலே இருக்கும், அல்லது ஒரு கண் சற்றுச் சின்னதாக இருக்கும். இது யாருக்கும் உள்ளதுதான். கஷ்டமான கண்ணை முதலில் போட்டு, எளிதான கண்ணை அதற்கு ஒத்துப்போகச் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டாவது கண்ணைத் திருத்தித் திருத்தியே நேரம் போய்விடும்.

மூடிய இமைக்கு

கண்ணைத் திறந்து நேரே பார்த்தபடி, மடிப்பு விழும் இடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே, பழுப்பு நிறப் பென்சிலால் இரண்டு புள்ளிகள் வையுங்கள். கருவிழிக்கு நேர் மேலே ஒன்று, வெளி ஓரத்தில் ஒன்று. இந்தப் புள்ளிகள்தான் உங்கள் மடிப்பு. நிழல் நிறத்தை இயற்கை மடிப்பில் வைக்காமல் இங்கே வைத்து மேல்நோக்கிக் கரையுங்கள். இந்த இடத்துக்கு மினுக்கில்லாத மேட் நிறம்தான் வேண்டும். மினுக்கு வெளிச்சத்தை வாங்கித் திருப்பும். இறங்கிய தோலின்மேல் போட்டால் அது இன்னும் புடைத்துத் தெரியும். மினுக்கு ஆசை இருந்தால் இமையின் நடுவில், கருவிழிக்கு நேராக, சுண்டுவிரல் நுனி அளவுக்கு வையுங்கள். கண் சிமிட்டும்போது மட்டும் ஒரு பளிச்சென்ற ஒளி வந்து போகும். அது அழகு.

ஐலைனர் வால்தான் எல்லாரையும் அழவைப்பது. இதையும் கண்ணைத் திறந்தே தொடங்குங்கள். கீழிமையின் கோடு வெளி ஓரத்தில் முடியும் இடத்திலிருந்து, புருவத்தின் கடைசி முனையை நோக்கி அது நீண்டால் எப்படிப் போகும் என்று பாருங்கள். அந்தத் திசையில் சின்னதாக ஒரு கோடு. பிறகு அதன் முனையிலிருந்து இமையை நோக்கி, தோல் மடிப்பின் மேலேயே நேராக ஒரு கோட்டை இழுத்து இணையுங்கள். கண்ணை மூடினால் நடுவில் ஒரு பள்ளம் போல, வவ்வால் இறக்கையின் ஓரம் போலத் தெரியும். அதை நிரப்பிவிடுங்கள். மூடிய கண்ணில் விசித்திரமாக இருக்கும், திறந்த கண்ணில் நேர்கோடாக நிற்கும். உள்முனையில் கோடு நூலிழையாக இருக்கட்டும். அங்கே தடித்தால் மிச்சமிருக்கும் கொஞ்ச இமையும் காணாமல் போய்விடும்.

ஒற்றை இமைக்கு

சென்னை பார்லர்களில் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்துப் பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஒற்றை இமைக்கு எப்படிப் போடுவது என்று அவர்களில் ஒரு தங்கைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் இல்லாத மடிப்பை வரைவதே இல்லை. இமைமுடி வேரில் அடர்ந்த நிறம், அதற்கு மேலே கொஞ்சம் வெளிர், அதற்கும் மேலே தோலோடு கரைந்துவிடும் நிறம். கோலத்துக்குச் செம்மண் தீட்டும்போது ஓரம் மங்கி முடியுமே, அதுபோல. கோட்டின் கனத்தையும் கண்ணைத் திறந்தே அளப்பாள். இமையில் மூன்று புள்ளி வைத்து, நேரே பார்க்கும்போது புள்ளிகள் தெரிகின்றனவா என்று கவனிப்பாள். தெரியாவிட்டால் இன்னும் சற்று மேலே. புள்ளி தெரியும் இடம் வரை கோடு தடிக்கும்.

இந்தக் கண்ணில் இமைமுடி நேராக, கீழ்நோக்கி இருக்கும். அதனால் கர்லர் இல்லாமல் மஸ்காரா போட்டால் முடி இன்னும் இறங்கி, கண்ணுக்கு முன்னால் தட்டி கட்டியது போல ஆகும். வேரில் ஒரு அழுத்து, நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று என மூன்று முறை மெதுவாக வளைத்த பிறகுதான் மஸ்காரா. சாதாரண மஸ்காராவின் ஈரம் வளைவை இறக்கிவிடும். வாட்டர்ப்ரூஃப் வகை தாங்கும். மஸ்காரா காய்ந்த பிறகு கர்லர் வைக்காதீர்கள், முடி ஒட்டிக்கொண்டு வேரோடு வந்துவிடும். கர்லரை லைட்டரில் காட்டிச் சூடாக்குவதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

இமையில் மடிப்பு உண்டாக்கும் ஒட்டு நாடாக்கள் கிழக்காசிய நாடுகளில் சாதாரணமாக விற்கின்றன, இங்கும் இணையத்தில் கிடைக்கின்றன. விருப்பமுள்ளவர்கள் வைக்கலாம். ஒற்றை இமை ஒரு குறை என்று நினைத்து வைக்க வேண்டியதில்லை. தினமும் இழுத்து ஒட்டிப் பிய்த்தால் அந்த மெல்லிய தோல் புண்ணாகும்.

நிறம்

நம் பெண்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். கண்ணைச் சுற்றிக் கருமை இருக்கிறது; அதை மறைக்கத் தோலைவிட இரண்டு படி வெளிர்ந்த கன்சீலரை அப்புகிறார்கள். கருமைக்கு மேல் வெளிர் நிறம் போனால் சாம்பல்தான் வரும். விபூதி பூசி அரைகுறையாகத் துடைத்தது போல இருக்கும். போட்டோவில் அது இன்னும் மோசமாகும்.

நம் கருவளையத்தில் நீலமும் பழுப்பும் கலந்திருக்கும். நீலத்தை அடக்குவது ஆரஞ்சு. மாநிறத்துக்கு பீச் நிறக் கரெக்டர், கருத்த நிறத்துக்கு நல்ல ஆரஞ்சு. ஒரு கண்ணுக்கு அரை மிளகு அளவு போதும். அதைக் கருமை உள்ள இடத்தில் மட்டும் மோதிர விரலால் தட்டித் தட்டி ஒட்ட வையுங்கள், தேய்க்க வேண்டாம். ஆரஞ்சு என்று தனியாகத் தெரியக் கூடாது, கருமை மட்டும் மங்கியிருக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு, உங்கள் கன்னத்தின் நிறத்திலேயே உள்ள கன்சீலரை அதன்மேல் மெல்லிய படலமாக வையுங்கள். இமைமேலும் இதே வேலைதான். நம்மில் பலருக்கு இமைத்தோலே முகத்தைவிடக் கருத்திருக்கும், அதைச் சமன் செய்யாமல் ஐ ஷேடோ போட்டால் டப்பாவில் பார்த்த நிறம் கண்ணில் வராது.

கரெக்டர் நிறத்தைத்தான் மறைக்கும், பள்ளத்தையும் வீக்கத்தையும் மறைக்காது. கீழிமை உப்பியிருப்பவர்கள் உப்பலின்மேல் வெளிர் நிறம் வைத்தால் உப்பல் எடுப்பாகத் தெரியும். உப்பலுக்குக் கீழே நிழல் விழும் கோட்டில் மட்டும் சிறிது வையுங்கள்.

கடைசியில் பவுடர். வெள்ளையாக இருக்கும் சில மெல்லிய பவுடர்கள் நேரில் கண்ணுக்குத் தெரியாது; ஃபிளாஷ் அடித்தால் கண்ணுக்குக் கீழே இரண்டு வெள்ளைப் பிறை தெரியும். கல்யாண ஆல்பம் முழுக்க அப்படி வந்து வருந்தியவர்கள் உண்டு. விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே போட்டுப் பார்த்து, இருட்டான அறையில் போன் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

எந்த நிறம் பொருந்தும் என்று கேட்பவர்களிடம் நான் சேலைக்கடையை நினைக்கச் சொல்வேன். அரக்கு, பாக்கு, நாவல்பழம், கத்தரிப்பூ, மயில்கழுத்து, செம்பு, பழைய தங்கம்: நம் தோலில் பட்டு எந்த நிறத்தில் சுடர்விடுமோ அதே நிறம் இமையிலும் சுடர்விடும். வெளிர் ரோஸ், வெளிர் நீலம் போன்றவை சுண்ணாம்பு பூசியது போலத் தெரியும். ஆசையாக இருந்தால் கீழே கருத்த பென்சில் பூசி அதன்மேல் வையுங்கள். ஆனால் கட்டியிருக்கும் சேலையின் நிறத்தையே இமை முழுக்கப் பூச வேண்டாம். எம்.எஸ். புளூ பட்டு கட்டியவள் இமையும் நீலமாக இருந்தால் பார்ப்பவர் கண் முகத்தில் நிற்காது. இமைக்குச் செம்போ பழைய தங்கமோ பூசி, சேலையின் நீலத்தைக் கீழிமை ஓரத்தில் மெல்லிய கோடாக மட்டும் கொண்டுவாருங்கள்.

மை

என் பாட்டி வீட்டிலேயே மை கூட்டுவாள். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து நிழலில் காயவைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கேற்றி, மேலே செப்புத் தட்டைக் கவிழ்த்து வைப்பாள். விடிந்ததும் தட்டில் படிந்த கரியைச் சுரண்டி நெய்யில் குழைத்தால் மை. வீடு முழுக்க ஒரே டப்பா. அவள் விரலில் தொட்டு எங்கள் ஐந்து பேருக்கும் இழுத்து விடுவாள். ஒருத்திக்குக் கண்வலி வந்தால் ஐந்து பேருக்கும் வரும். மைதான் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று எங்களுக்கு அப்போது தெரியாது. பாட்டியின் கை மணம் எனக்கு இன்றும் பிரியமானதுதான். அந்த ஒரே டப்பா, ஒரே விரல் பழக்கம் மட்டும் வேண்டாம்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, பெயர் ஊர் இல்லாமல் விற்கும் சுர்மாவும் கல் மையும். இவற்றில் பல, காரீயத்தாது கலந்தவை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்த வகை மையை ஒப்பனைப் பொருளாக விற்க அனுமதிப்பதே இல்லை. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே கைக்குழந்தைக்குக் கண் பெரிதாகும் என்று மை இழுக்காதீர்கள். மை இழுத்தால் கண் பெரிதாவதில்லை. திருஷ்டிக்கு என்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு போதும். கன்னத்தில் வைத்தால் குழந்தை அதைத் தடவிக் கையை வாயில் வைத்துக்கொள்ளும். எந்த மை வாங்கினாலும் அட்டையில் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இனி, மை வழிவது. மை என்பது மெழுகும் எண்ணெயும். நம் ஊர் உஷ்ணத்தில், இமையின் எண்ணெயோடும் வியர்வையோடும் சேர்ந்து அது இளகத்தான் செய்யும். எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் கொஞ்சம் வழியும். செய்ய வேண்டியது இதுதான்: கண்ணைச் சுற்றி டிஷ்யூவால் ஒற்றி எண்ணெயை எடுங்கள். கண்ணுக்குக் கீழே துளி பவுடர் தட்டுங்கள். மையை மேலிமை முடியின் வேர்களுக்கு இடையே நிரப்புங்கள். கீழே வெளிப்புற மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும், முடிக்கு வெளியே தீட்டுங்கள். பிறகு சின்ன பிரஷ்ஷால் அதே கறுப்பு நிற ஐ ஷேடோவைத் தொட்டு மையின்மேல் அழுத்துங்கள். உலர்ந்த தூள் ஈர மையைப் பிடித்துக்கொள்ளும். மதியச் சாப்பாட்டுப் பந்தி வரை நிற்கும்.

முடிக்கு உள்ளே, கண்ணை ஒட்டிய ஈரமான விளிம்பில் இழுப்பதுதான் நமக்குப் பழக்கம். அந்த விளிம்பில் வரிசையாக மீபோமியன் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன, ஒவ்வோர் இமையிலும் இருபதிலிருந்து நாற்பது வரை. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய் அங்கிருந்துதான் வருகிறது. தினமும் மையை அப்பி அந்த வாய்களை அடைத்தால் கண் உலர்ந்து எரியும், இமையில் கட்டி வரும். கல்யாணம், பண்டிகை என்று வருஷத்தில் சில நாள் ஆசைக்கு இழுப்பதை நான் தடுக்க மாட்டேன். ஆபீசுக்கும் கல்லூரிக்கும் தினமும் வேண்டாம்.

கண்ணைச் சுற்றி முழுவட்டமாகக் கறுப்புக் கட்டினால் பெரிய கண்ணுக்கு எடுப்பாக இருக்கும், சின்னக் கண் இன்னும் சுருங்கும். சின்னக் கண் உள்ளவர்கள் கீழே கறுப்புக்குப் பதில் பழுப்பு தீட்டுங்கள். பரதநாட்டிய மேடையில் கண்ணைக் காதுவரை நீட்டித் தடிமனாக எழுதுவது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கண் பேச வேண்டும் என்பதற்காக. இரண்டடி தூரத்தில் நின்று கைகுலுக்கும் வரவேற்பில் அந்தக் கோடு முகத்தை மறைத்துவிடும்.

மணப்பெண்ணுக்கு இன்னொரு சோதனை ஹோமப்புகை. அதோடு தாரை வார்க்கும் நேரத்து அழுகை. அழுகையை யாரும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். முகூர்த்த ஒப்பனையில் கீழ்விளிம்பில் நான் எதுவும் வைப்பதில்லை. மேலே மட்டும் வாட்டர்ப்ரூஃப். பக்கத்தில் நிற்கும் தோழியின் கைக்குட்டையில் நாலு பட்ஸும் மடித்த டிஷ்யூவும் முடிந்து கொடுப்பேன். கண்ணீர் வந்தால் மேலே பார்த்தபடி டிஷ்யூவின் முனையைக் கீழிமை ஓரத்தில் வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். துடைத்தால்தான் கெடும்.

கண்ணாடி போடுபவர்கள், புருவம், ஒட்டுமுடி

கிட்டப்பார்வைக்கான மைனஸ் கண்ணாடி கண்ணைச் சின்னதாக்கும். அவர்கள் இமையில் வெளிர் நிறம் வைத்து, இமைமுடி வேரை அடர்த்தியாக்கலாம். பிளஸ் கண்ணாடி பெரிதாக்கும், கூடவே பிசிறையும் பெரிதாக்கும். மினுக்கைக் குறைத்து, நன்றாகக் கரைத்துப் போடுங்கள். ஒட்டுமுடி கண்ணாடியில் இடிக்கிறதா என்று கண்ணாடி போட்டே பார்க்க வேண்டும்.

புருவத்துக்குக் கறுப்புப் பென்சில் வேண்டாம், கரும்பழுப்பு எடுங்கள். நம் முடி கறுப்பானாலும் தோலின்மேல் கறுப்பு தனியாக ஒட்டிய பட்டை போல நிற்கும். திரெட்டிங்கை விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். ஒட்டுமுடியை உங்கள் இமை நீளத்துக்கு வெளி ஓரத்தில் வெட்டி, பசை தடவி அரை நிமிடம் காயவிட்டு ஒட்டுங்கள். புதுப் பசையை முதல் நாளே முழங்கையின் உட்புறம் தடவிப் பார்ப்பது அவசியம். இமைமுடி வளரும் என்று விற்கும் சீரங்களில் சில, இமைத்தோலைக் கருக்க வைக்கும். பைமாட்டோப்ராஸ்ட் என்ற மருந்துக்கு இந்தக் குணம் உண்டு. டாக்டர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கலைப்பது

பந்தி முடிந்து, உறவெல்லாம் கிளம்பி, உடம்பு ஓய்ந்து படுக்கும்போதுதான் கண் ஒப்பனையோடு தூங்கிவிடுகிறோம். எத்தனை மணியானாலும் கலைத்துவிட்டுப் படுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் லென்ஸை முதலில் கழற்ற வேண்டும், பிறகுதான் ஒப்பனையைக் கலைக்க வேண்டும். போடும்போதும் லென்ஸ்தான் முதலில். ரிமூவரில் நனைத்த பஞ்சை மூடிய இமைமேல் இருபது எண்ணும் வரை வைத்திருந்து, கீழ்நோக்கி ஒரே இழுப்பாக எடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் முடியும் உதிரும், கருமையும் கூடும். தேங்காய் எண்ணெய் மையை நன்றாகவே எடுக்கும். கண்ணுக்குள் போனால் பார்வை மங்கும், ஆகவே துளிதான், பிறகு முகத்தைக் கழுவ வேண்டும்.

மஸ்காராவைத் திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். ஒவ்வொரு முறை குச்சியை உள்ளே விடும்போதும் கண்ணில் உள்ள கிருமியும் கூடவே போகிறது. காய்ந்துவிட்டதே என்று தண்ணீரோ கண் சொட்டுமருந்தோ விட்டு இளக்குவது இன்னும் ஆபத்து. மற்றப் பொருள்களின் அட்டையில் மூடி திறந்த டப்பா படம் போட்டு 6எம், 12எம் என்று இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று பொருள். திறந்த அன்றே ஒரு சின்ன ஸ்டிக்கரில் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். தங்கை கேட்டாலும் மைப் பென்சிலைக் கொடுக்காதீர்கள், அவளுக்கென்று ஒன்று வாங்கிக் கொடுங்கள். கடையில் வைத்திருக்கும் டெஸ்டரைப் புறங்கையில் தீட்டிப் பார்க்கலாம், கண்ணில் வேண்டாம்.

கண் சிவந்தாலோ, நமைத்தாலோ, காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டாலோ அன்று முதல் எந்த ஒப்பனையும் வேண்டாம். வலி இருந்தால், பார்வை மங்கினால், வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றே கண் டாக்டரிடம் போங்கள். இல்லாவிட்டாலும் இரண்டு நாளில் சரியாகாவிட்டால் போய்விடுங்கள். போகும்போது, கடைசியாகப் போட்ட மையையும் மஸ்காராவையும் கையோடு எடுத்துப்போய் அவரிடம் காட்டுங்கள்.